சைக்கிள் தூங்கிய நாள்

காலை ஆறு இருபதுக்கு ரீல்காரரின் சைக்கிள் வங்கி முனையைத் திரும்பும். ஆறு இருபத்தொன்றுக்குத் திரும்பியதாக இதுவரை எவரும் சாட்சி சொன்னதில்லை. வங்கி வாசலில் இருக்கும் பெரிய கடிகாரம் ஒரு முறை நின்றுபோனது. அதைச் சரிசெய்ய வந்த மெக்கானிக் முள்ளைக் கையில் பிடித்தபடி ஏணியிலேயே உட்கார்ந்து சைக்கிள் மணிக்காகக் காத்திருந்தான். மணி கேட்டதும் முள்ளை வைத்துவிட்டு இறங்கினான். இதைச் சொன்னவர் ரீல்காரர்தான் என்பதால் பாதியைக் கழித்துக்கொள்ளலாம். ஏணி உண்மை.

அவருக்கு எழுபத்தொன்பது வயது. பெயர் என்று ஒன்று இருந்தது; வீட்டு வரி ரசீதைத் தவிர அதை யாரும் பயன்படுத்தியதில்லை. ஊரில் அந்தக் காலத்தில் இரண்டு தியேட்டர்கள், மேட்டில் ஒன்று, ரயில் நிலையத்துப் பக்கம் ஒன்று. இரண்டுக்கும் ஒரே முதலாளி, ஒரே படப்பெட்டி. படம் எட்டு ரீல். மேட்டுத் தியேட்டரில் காட்சி ஒரு மணி நேரம் முன்னதாகத் தொடங்கும். அங்கே ஓடி முடிந்த ரீல்களை இரண்டிரண்டாகத் தகர டப்பாவில் அடைத்து, கேரியரில் கட்டிக்கொண்டு, இரண்டு கிலோமீட்டர் இறங்கி ஸ்டேஷன் தியேட்டரில் சேர்க்க வேண்டும். அங்கே ஓடி முடிந்ததை வாங்கிக்கொண்டு மறுபடி மேடு ஏற வேண்டும். ஒரு காட்சிக்கு நாலு நடை, நாளுக்கு மூன்று காட்சி, முப்பத்தொரு வருஷம். மழை, காய்ச்சல், பங்ச்சர் எதுவும் ரீலுக்குத் தெரியாது.

தியேட்டர்கள் மூடி இருபத்தெட்டு வருஷம் ஆகிறது. மேட்டுத் தியேட்டர் டைல்ஸ் கடையானது. ஸ்டேஷன் தியேட்டர் கார் நிறுத்துமிடமானது. ரீல்காரர் மட்டும் வேறு எதுவாகவும் ஆகவில்லை. வேலை போன மறுநாள் காலையிலும் சைக்கிளை எடுத்தார். மனைவி அப்போது இருந்தாள். "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"படம்தானே நின்னுச்சு, காலு நிக்கலையே" என்றார்.

எழுபது வயதுவரை முழுக் காட்சி, நாலு நடை. அதற்குப் பிறகு இரண்டாகக் குறைத்துக்கொண்டார். கேட்டவர்களிடம், "இப்பல்லாம் இடைவேளை வரைக்கும்தான்" என்பார். மேட்டின் கடைசி நூறு அடியை இறங்கித் தள்ளுவார். அதையும் யார் கண்ணிலும் படாத வளைவாகப் பார்த்துத்தான்.

மனைவி போன பிறகு மகள் வீட்டில்தான் இருக்கிறார். அதாவது மகள் அவர் வீட்டில் இருக்கிறாள். யார் வீட்டில் யார் என்பதை இருவரும் இதுவரை பேசி முடிக்கவில்லை. மகளுக்கு ஐம்பது வயது. பள்ளிக்கூடத்தில் அலுவலக வேலை. அவள் வளர்ந்ததே அப்பாவின் கதைகளில்தான். அவற்றில் இரண்டு முக்கியமானவை.

ஒன்று நாய்க் கதை. வெள்ளைக் கால் நாய் ஒன்று தினமும் சைக்கிளைத் துரத்துமாம். ஏழு வருஷம், ஒரு நடை விடாமல். ஒரு நாள் ரீல்காரருக்குக் கடும் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. நாய் என்ன செய்தது? தனியாகவே ஓடியது. சரியான நேரத்துக்கு ஸ்டேஷன் தியேட்டர் வாசலில் வந்து நின்று மூச்சு வாங்கியது. நாய் வந்தால் ரீல் வந்த மாதிரிதான் என்று பழகிப்போன ஆபரேட்டர், படமில்லாமலே மெஷினைப் போட்டுவிட்டார். ஜனம் பத்து நிமிஷம் வெள்ளைத் திரையைப் பார்த்துவிட்டு, ஒளிப்பதிவு நன்றாக இருக்கிறது என்றது. மகள் சின்ன வயதில் இதை அப்படியே நம்பினாள். வளர்ந்த பிறகு வெள்ளைத் திரையை மட்டும் கழித்துவிட்டு மீதியை நம்பினாள். இன்றைக்கும் தெருநாய் எதைக் கண்டாலும் கைப்பையிலிருந்து பிஸ்கட் எடுப்பாள்.

இன்னொன்று, அவள் பிறந்த நாளின் கதை. அன்றைக்கு ஸ்டேஷன் தியேட்டரில் கதாநாயகன் செத்து, அதற்கப்புறம் எழுந்து வந்து காதலியோடு பாட்டுப் பாடினானாம், அவள் பிறந்த சந்தோஷத்தில். இதை அவள் ஒருபோதும் நம்பவில்லை. பெற்ற மகளுக்கு அப்பா ஆசையாகச் சொன்ன பொய் என்று வைத்துக்கொண்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வீட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை ரீல்காரர் நடந்து வந்தார்.

"சைக்கிள் எங்கப்பா?"

"தூங்கிடுச்சும்மா."

"என்னது?"

"அசந்து தூங்குது. எழுப்ப மனசு வரல. காலைல போய்க் கூட்டிட்டு வரேன்."

மகள் சிரிக்கவில்லை. ஐம்பத்தொன்பது வருஷத்தில் அவர் சைக்கிளை விட்டுவிட்டு வந்தது அதுதான் முதல் தடவை. மறுநாள் காலை நடந்து போய் ஓட்டி வந்தார். அடுத்த வாரம் மறுபடியும் நடந்து வந்தார். அதற்கடுத்த வாரம் இரண்டு தடவை. எங்கே விட்டார் என்று கேட்டால் சைக்கிள் தூங்கிய கதைதான். எங்கே விட்டோம் என்பதே இவருக்கு நினைவில்லை, அதை மறைக்கக் கதை விடுகிறார் என்று மகள் முடிவுகட்டினாள்.

விஷயம் வேறு. ஸ்டேஷன் தியேட்டர் ஆபரேட்டர், ரீல்காரரைவிட இரண்டு வயது மூத்தவர், கார் நிறுத்துமிடத்துக்குப் பின்தெருவில் இருந்தார். ஜன்னலோரம் ஒரு நாற்காலி, அதில்தான் எந்நேரமும். ரீல்காரர் முதல் நடையிலேயே அங்கே எட்டிப்பார்த்து, ஒரு டீ குடித்து, வம்பு பேசிவிட்டு வருவார். ஒரு வருஷமாக ஆபரேட்டரின் பேச்சு அறுந்து அறுந்து வந்தது. தெளிவாக இருந்த ஒரு காலையில் அவரே சொன்னார்:

"டேய், மண்டைக்குள்ள கரண்ட் போய்ட்டுப் போய்ட்டு வருதுடா. வெளிய சொல்லாத. முக்கியமா உன் பொண்ணுகிட்டச் சொல்லாத. என்னைப் பெரிய ஆளுன்னு நினைச்சிட்டிருக்கா."

அது உண்மை. மகள் பாவாடை கட்டிய வயதில் ஆபரேட்டரின் அறையில் ஸ்டூல் போட்டு நின்று, சுவரிலுள்ள சதுர ஓட்டை வழியாகப் படம் பார்த்தவள். விளக்கில் எரியும் கார்பன் குச்சியின் வாசனையும், மெஷினின் கடகட சத்தமும், பக்கத்தில் வியர்வை வழிய நிற்கும் ஆபரேட்டர் பெரியப்பாவும்தான் அவளுக்குச் சினிமா. கீழே உட்கார்ந்து பார்த்த படங்கள் எதுவும் அவளுக்குப் பிடித்ததில்லை. சத்தம் போதாது என்பாள்.

ரீல்காரர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். தன் தலையில்தான். அதற்குச் சில மாதம் கழித்துத்தான் ஆபரேட்டருக்கு அந்தப் பதற்றம் பிடித்தது. சில நாள் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "ரீல் வரல, ரீல் வரல, ஜனம் கத்துது" என்று தவிப்பார். சாப்பிட மாட்டார், படுக்க மாட்டார். ஜன்னலுக்கு வெளியே, சுவரில் சாய்ந்து அந்தக் கறுப்பு சைக்கிள் நிற்பதைப் பார்த்துவிட்டால் போதும். "வந்துட்டான்" என்று சொல்லி அடங்கிவிடுவார். ரீல்காரர் கிளம்பும்போது சைக்கிளும் கிளம்பினால் மறுபடி ஆரம்பம். அதனால் அப்படிப்பட்ட நாளில் சைக்கிளை விட்டுவிட்டு நடந்தார். சத்தியம் செய்தவர் வேறென்ன சொல்வார்? சைக்கிள் தூங்கியது.

மகள் அவரை ஞாபகசக்தி டாக்டரிடம் கூட்டிப்போனாள். டாக்டர் இளம்பெண், மேஜையில் காகிதங்களைச் சதுரமாக அடுக்கி வைத்திருந்தாள். முதலில் ஐந்து சொற்களைச் சொல்லிப் பிறகு கேட்பதாகச் சொன்னாள். கடிகாரம் வரைந்து பதினொன்று பத்து காட்டச் சொன்னாள். ரீல்காரர் வரைந்து, கீழே 'மார்னிங் ஷோ' என்று எழுதினார்.

"இன்னைக்கு என்ன கிழமைங்கய்யா?"

"வெள்ளி. புதுப்படம் மாத்துற நாள்."

"நூறிலிருந்து ஏழு ஏழாக் கழிச்சுட்டே வாங்க."

"தொண்ணூத்து மூணு, எண்பத்தாறு, எழுபத்தொம்பது. இங்க நிறுத்திக்கிறேனே டாக்டரம்மா, என் வயசு வந்துடுச்சு."

ஐந்து சொற்களில் நாலு சொன்னார். மறந்துபோன ஐந்தாவதைச் சொல்லாமல் விட்டதற்காக நெடுநேரம் வருத்தப்பட்டார். டாக்டர் நாடி பிடித்தாள், முழங்காலைத் தட்டினாள், நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் ஐந்து தடவை எழுந்து உட்காரச் சொன்னாள். அவர் எட்டு தடவை எழுந்தார்.

"இந்த வயசுக்கு மார்க் ரொம்ப நல்லா இருக்கு" என்றாள். "இத்தனை வருஷம் ஒரே நேரத்துக்கு எழுந்து, சைக்கிள் மிதிச்சு, மேடு ஏறினீங்க பாருங்க, ரத்தம் மூளைக்கு ஒழுங்காப் போயிருக்கும். அது நிச்சயம் உதவி பண்ணும். ஆனா முழுக் காவல்னு சொல்ல முடியாது."

மகள் சைக்கிள் விஷயத்தைச் சொன்னாள். கதைகளையும் சொன்னாள். டாக்டரின் பேனா நின்றது. நினைவில் ஓட்டை விழுந்தால் சிலர் தெரியாமலே கதையால் அதை அடைப்பார்களாம்; அது ஓர் அறிகுறியாம். "ஐயா, நீங்க சொல்றதுல எது நடந்தது, எது நடக்கலேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

ரீல்காரர் மகளைப் பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்தார். "அவளைக் கொஞ்சம் வெளிய இருக்கச் சொல்லுங்க."

மகள் போனதும் குனிந்து, குரலைத் தாழ்த்தி, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒப்புக்கொண்டார். "நாய்க் கதை பொய் டாக்டரம்மா. நாய் இருந்துச்சு, துரத்துச்சு. தனியா எல்லாம் ஓடல. நான் கட்டினது. ஆனா அவ பொறந்த அன்னைக்கு நடந்தது சத்தியமா உண்மை. மூணு, நாலாம் ரீல் எடுக்கணும். வீட்டுல வலி வந்து ஆஸ்பத்திரிக்குப் போய்ட்டாங்கன்னு ஆள் வந்து சொன்னான். பதட்டத்துல ஏழையும் எட்டையும் கட்டிட்டுப் போய்ட்டேன். ஆபரேட்டரு என் மூஞ்சியப் பார்த்தாரு, டப்பாவைப் பார்க்கல. மாட்டிட்டாரு. கதாநாயகன் செத்தான், அப்புறம் வந்து பாடினான்."

"அந்த சைக்கிள்?"

"அது தூங்கிடுச்சு" என்றார் ரீல்காரர். சத்தியம் சத்தியம்தான்.

டாக்டர் மகளை உள்ளே கூப்பிட்டு, அவர் சொன்னதைச் சொல்லாமல், அந்தக் கதைகளில் எது நிஜம் என்று மட்டும் கேட்டாள். மகள் யோசிக்காமல் சொன்னாள்: "நாய் நிஜம்தாங்க. எழுந்து வந்து பாடினதுதான் அப்பா சும்மா சொல்றது."

எண்பது வருஷத்தில் ஒரே ஒரு தடவை உண்மை பேசிய மனிதனுக்கு இதுதான் கிடைத்தது. நடந்தது நடக்காததாகவும், நடக்காதது நடந்ததாகவும் தலைகீழாகத் தெரிகிறது என்று டாக்டர் எழுதிக்கொண்டாள். அடுத்த மாதம் மறுபடி பார்க்கலாம்; அதுவரை தனியாக வெளியே விட வேண்டாம் என்றாள். மகள் வீட்டுக்கு வந்ததும் சைக்கிளைக் கம்பித் தூணோடு சங்கிலி போட்டுப் பூட்டினாள். சாவியைத் தன் கைப்பையில், நாய் பிஸ்கட்டுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

ரீல்காரர் அழவுமில்லை, கத்தவுமில்லை. ஆறு இருபதுக்கு எழுந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தே இருந்தார். மூன்றாம் நாள் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டே மூக்குக் கண்ணாடியைத் தேடினார். நாலாம் நாள் பகலில் தூங்கினார். ஆறாம் நாள் சலவைக்காரர் பெயர் வரவில்லை. எப்போதும் வராத பெயர்தான், ஆனால் இந்த முறை கவலைப்பட்டார். தன்னோடு வாசல்வரை நடக்கச் சொன்னாள் மகள். வாசல்வரை நடப்பதை அவர் நடை என்று ஒப்புக்கொள்ளவில்லை.

எட்டாம் நாள் மாலை பக்கத்து வீட்டுக்காரர் நாய்க் கதையைக் கேட்டார். ரீல்காரர் உற்சாகமாகத் தொடங்கினார். காய்ச்சல் வந்தது, நாய் ஓடியது, தியேட்டர் வாசலில் வந்து நின்றது.

"அப்புறம்?"

ரீல்காரர் வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. மெஷினும் வரவில்லை, வெள்ளைத் திரையும் வரவில்லை. "அப்புறம்... நின்னுச்சு" என்றார்.

உள்ளே காய் நறுக்கிக்கொண்டிருந்த மகளின் கத்தி அப்படியே நின்றது. கதையின் ஒவ்வொரு வரியும் அவளுக்கு மனப்பாடம். சைக்கிளைப் பூட்டியதற்கு முன்னால் அந்தக் கதை ஒரு நாளும் பாதியில் நின்றதில்லை.

ஒன்பதாம் நாள் காலை வாசலில் ஆபரேட்டரின் மனைவி நின்றாள். வேர்த்துப்போயிருந்தாள்.

"தம்பி எங்கம்மா? உடம்பு கிடம்பு சரியில்லையா? ஒம்பது நாளா வரல."

"வாங்க பெரியம்மா. அப்பாவுக்குக் கொஞ்சம்..."

ரீல்காரர் உள்ளிருந்து வந்தார். "அண்ணி, ஒண்ணும் சொல்லாதீங்க. அண்ணனுக்குச் சத்தியம் பண்ணியிருக்கேன்."

"உங்க சத்தியத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடுங்க தம்பி" என்றாள் அந்த அம்மாள். "அவரு மூணு நாளா சோறு தொடல. ரீல் வரல, ரீல் வரலன்னு உயிரை வாங்குறாரு. நீங்க சைக்கிளை விட்டுட்டுப் போற அன்னைக்குத்தான் வீட்டுல தூக்கமே." பிறகு மகளைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள்.

மகள் கைப்பையைத் திறந்தாள். சாவிக்குப் பதில் முதலில் பிஸ்கட் வந்தது, பிறகு சாவி வந்தது. சங்கிலியைக் கழற்றினாள்.

"ஏம்ப்பா, என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னேனே. தூங்குதுன்னு."

மூன்று பேரும் நடந்தார்கள். ஒன்பது நாளில் முழங்கால் இறுகிப்போயிருந்ததால் ரீல்காரர் ஏறாமல் தள்ளிக்கொண்டே வந்தார். வங்கி முனையைத் திரும்பும்போது மணி ஒன்பதே முக்கால். கடிகாரத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஆபரேட்டர் நாற்காலியில் ஒரு கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்தார். மகளுக்கு நினைவிருந்த தோள்கள் அல்ல அவை. சைக்கிள் சுவரில் சாய்ந்த சத்தம் கேட்டதும் தலை நிமிர்ந்தது.

"ஏன்டா இவ்வளவு லேட்டு?"

"பங்ச்சர் அண்ணே."

"ஒம்பது நாளாவா பங்ச்சர்?"

ரீல்காரர் அண்ணியைத் திரும்பிப் பார்த்தார். இவர் எப்படி எண்ணினார்?

ஆபரேட்டரின் கண் மகள்மேல் நின்றது. "நீ யாரும்மா?" என்றார் மரியாதையாக. ஸ்டூல் போட்டு நின்ற பெண்ணைக் கேட்டார். மகள் உதட்டைக் கடித்துக்கொண்டு, "ரீல்காரர் பொண்ணு பெரியப்பா" என்றாள்.

"இவன் பொண்ணா? அது இப்பத்தானே பொறந்துச்சு?" ஆபரேட்டர் ரீல்காரர் பக்கம் திரும்பினார். குரல் ஏறியது. "டேய், டப்பாவைத் திருப்பு, நம்பரைக் காட்டு. அன்னைக்கு மாதிரி ஏழைக் கொண்டாந்து குடுத்துட்டு நிக்காத. பொண்ணு பொறந்துச்சுன்னு நீ ஆஸ்பத்திரிக்கு ஓடிட்ட, இங்க செத்தவன் எழுந்து பாடுறான், ஜனம் நாற்காலியை உடைக்குது, மேனேஜர் என்னை முறைக்கிறான்! உன்னால மூணு நாள் அவன் என்கிட்டப் பேசல, தெரியுமா?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். ஐம்பது வருஷமாக நம்பாத ஒன்று, எல்லாவற்றையும் மறந்துவிட்ட ஒருவர் வாயிலிருந்து வந்து விழுந்தது. ரீல்காரர் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாற்காலி உடைச்சதைச் சொல்லலையேப்பா."

"நல்ல நாளாச்சேன்னு விட்டுட்டேன்மா."

அடுத்த மாதம் டாக்டரிடம் போனபோது மகளே எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் தான் எழுதியதன்மேல் நீளமாக ஒரு கோடு போட்டாள். ஆபரேட்டரையும் நடக்க வைக்கலாமா என்று மகள் கேட்டாள். "தாராளமா. போனது திரும்பாது. போறதைக் கொஞ்சம் மெதுவாக்கலாம். எவ்வளவுன்னு கேட்டா எனக்குத் தெரியாது. தினமும், ஒரே நேரம், பழகின வழி, பழகின ஆள். அவருக்கு அதுதான் நல்லது."

அதற்குப் பிறகு ரீல்காரர் முதல் நடையைத் தனியாக மிதிப்பார். இரண்டாவது நடையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். ஆபரேட்டர் கேரியரைப் பிடித்தபடி பக்கத்தில் நடப்பார். டப்பா விழாமல் பார்த்துக்கொள்வதாக அவர் எண்ணம். முதல் வாரம் தெருமுனைவரை. மூன்றாம் மாதம் மேட்டடிவரை வந்தார். சில நாள் வழி தெரியும், சில நாள் தெரியாது. கை மட்டும் கேரியரை விடாது.

ஒரு விடுமுறை நாளில் மகளும் கூட வந்தாள். மேட்டடியைத் தாண்டிக் கொஞ்சம் ஏறி, ஒரு மரத்தடிக் கல்லில் உட்கார்ந்தார்கள். கீழே தெரியும் கார்களின் வரிசையை ஆபரேட்டர் பார்த்தார். "இடைவேளையாடா?"

"இடைவேளைதான் அண்ணே."

எங்கிருந்தோ ஒரு நாய் வந்து மகளின் கைப்பையை முகர்ந்தது. பிஸ்கட் போட்டுக்கொண்டே அவள் கேட்டாள். கேட்கத்தான் வந்திருப்பாள் போலிருக்கிறது. "பெரியப்பா, அப்பா இல்லாம ஒரு நாய் மட்டும் தியேட்டருக்கு ஓடி வந்துச்சாமே? நிஜமா?"

ரீல்காரர் கட்டிய கதை. ஐம்பது வருஷக் கட்டடம். 'எந்த நாய்?' என்ற ஒரே கேள்வியில் இடிந்துவிடும். அவர் சைக்கிள் மணியை வெறுமனே துடைத்தார்.

ஆபரேட்டர் நாயின் காலைப் பார்த்தார்.

"வெள்ளைக் காலு" என்றார். "ஆமா. இவனுக்குக் காய்ச்சல் அன்னைக்கு. அது மட்டும் வந்து வாசல்ல நின்னு மூச்சு வாங்குச்சு. நான் மெஷினைப் போட்டுட்டேன்மா. வெறும் வெள்ளைதான் திரையில. யாரும் ஒண்ணும் சொல்லல." நாயைப் பார்த்தபடியே, "தண்ணி வெச்சேன் அதுக்கு. தகர டப்பா மூடியில" என்றார்.

தண்ணீர் கதையில் கிடையாது. ரீல்காரர் அதை ஒருபோதும் சேர்த்ததில்லை.

மகள் அப்பாவைப் பார்த்து வெற்றியாகச் சிரித்தாள். "நான்தான் சொன்னேனேப்பா, நாய் நிஜம்னு."

ரீல்காரர் அந்தக் காய்ச்சல் நாளை எப்படியெல்லாமோ புரட்டிப் பார்த்தார். அன்றைக்குத் தான் வீட்டில் போர்த்திக்கொண்டு கிடந்தது நினைவிருந்தது. வீட்டில் கிடந்தவனுக்கு, தியேட்டர் வாசலில் நடந்தது எப்படித் தெரியும்?

"எழுந்திரிடா" என்றார் ஆபரேட்டர் கேரியரைப் பிடித்துக்கொண்டு. "அஞ்சாம் ரீல் போகணும்."

மூவரும் இறங்கினார்கள். நாயும் கூடவே வந்தது.